கதவு தொங்கினால், பலகை உப்பினால்: பெட்டியில் பிரித்து வரும் தளவாடங்களைப் பழுதுபார்க்கும் வழிகள்

அட்டைப் பெட்டியில் துண்டு துண்டாக வந்து, வீட்டில் நாமே பூட்டிக்கொள்ளும் அலமாரி கெட்டுப்போனால் கோலாலம்பூரில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்ப்பார்கள். அது வேலைக்காகாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக லிஃப்ட் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். முதலாவது கோளாறைப் பெரிதாக்கும். இரண்டாவது பல நேரம் தேவையே இல்லை.

எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: கெட்டது இரும்பா, பலகையா? கீல், கேம் பூட்டு (பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும் வட்ட உலோகப் பூட்டு), ட்ராயர் தண்டவாளம் போன்றவை கெட்டிருந்தால் கவலையே வேண்டாம். சில ரிங்கிட்டுக்கு அதே அளவில் வேறொன்று கிடைக்கும். பலகை கெட்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும். இந்தத் தளவாடங்களில் பெரும்பாலானவை சிப்போர்டு. மரச்சில்லுகளைப் பசையில் குழைத்து, சூடாக்கி அழுத்தி, மேலே மெலமைன் தாள் ஒட்டியிருப்பார்கள். ஸ்க்ரூவின் மரை கடித்துக்கொண்டிருந்த இடம் ஒருமுறை பொடியாகிவிட்டால், அதற்கப்புறம் நீங்கள் இறுக்குகிற ஒவ்வொரு சுற்றும் மிச்சமிருப்பதை அரைக்கிறது, அவ்வளவுதான்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: அளவு நாடா, கையால் திருகும் ஸ்க்ரூ டிரைவர், வெள்ளை மரப்பசை, 8 மி.மீ. மரமுளைகள் (பெட்டியோடு வருமே, வரிவரியான குட்டி மரக்குச்சி, அதுதான்), ஒரு டிரில். டிரிலைத் துளை போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிப்போர்டில் கடைசி இறுக்கத்தைக் கையால்தான் செய்ய வேண்டும்.

கதவு ஒரு பக்கம் சாய்கிறது, இரண்டு கதவும் உரசுகின்றன

கீலைத் தொடுவதற்கு முன் தரையைப் பாருங்கள். நம் வீடுகளில் பின்கட்டுச் சமையலறைத் தரை தண்ணீர் வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். அலமாரியின் ஒரு கால் 5 மி.மீ. தாழ்ந்தாலே மேலே கதவுகள் ஒன்றையொன்று உரச ஆரம்பிக்கும். மட்டப்பலகையை மேலே வைத்துப் பார்த்து, தாழ்ந்த மூலைக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டு கொடுங்கள். மரத்துண்டோ அட்டையோ வேண்டாம், ஈரம் ஏறும். இதிலேயே பாதிப் பேருக்குக் கதவு நேராகிவிடும்.

தரை மட்டமாக இருந்தும் சாய்ந்தால் கீலைத் திருகலாம். கீலின் கையில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். கதவுக்குப் பக்கத்தில் இருப்பது கதவை இடவலமாக நகர்த்தும். பின்னால் இருப்பது முன்னும் பின்னுமாக நகர்த்தும். ஏற்றி இறக்க வேண்டுமானால், அலமாரிச் சுவரில் இருக்கும் தகட்டின் ஸ்க்ரூக்களைச் சற்றுத் தளர்த்தி நகர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கீல், அரைச் சுற்று. மூடிப் பார்த்துவிட்டு அடுத்தது.

கீல் துருப்பிடித்தோ ஒடிந்தோ போயிருந்தால் கழற்றிக் கடைக்கே கொண்டுபோங்கள். கதவில் புதையும் கிண்ணம் ஏறக்குறைய எல்லாக் கீலிலும் 35 மி.மீ.தான். ஏமாற்றுவது கை. கதவு பக்கப்பலகையை முழுதாக மறைத்தால் நேர்கை, இரண்டு கதவுகள் ஒரே பலகையைப் பங்குபோட்டால் லேசாக வளைந்த கை, கதவு சட்டத்துக்குள்ளேயே அமர்ந்தால் நன்றாக வளைந்த கை. இதைச் சொல்லாமல் ‘கீல் குடுங்க’ என்று கேட்டால் தவ்கே (கடை முதலாளி) கையில் முதலில் கிடைப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

கீல் பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது

அதிகமாகக் கைவிடப்படும் கோளாறு இது. எளிதாகச் சரியாவதும் இதுதான். எது பிய்ந்தது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

ஸ்க்ரூத் துளை மட்டும் அகன்றிருந்தால்: உள்ளே இருக்கும் பொடியை உறிஞ்சி எடுத்துவிட்டு, துளையை 8 மி.மீ. டிரிலால் பெரிதாக்குங்கள். பலகையின் மறுபக்கம் துளைத்துக்கொண்டு போகாமல் இருக்க டிரில் முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மரப்பசை விட்டு மரமுளையைத் தட்டி இறக்கி, பலகை மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். ஒரு முழு நாள் காயட்டும். இந்த ஊர் ஈரக்காற்றில் பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். காய்ந்ததும் நடுவில் 2.5 மி.மீ. வழித்துளை போட்டு, பழைய ஸ்க்ரூவையே கையால் இறக்குங்கள். டிரில் இல்லையென்றால் சாத்தே குச்சி (இறைச்சி கோத்துச் சுடும் குச்சி) உதவும். துளைக்குள் பசையோடு அடைக்கிற அளவுக்குச் சொருகி, காய்ந்தபின் மட்டமாக அறுத்துவிட்டு ஸ்க்ரூ போட்டால், கனமில்லாத கதவுக்கு அது போதும்.

துளையைச் சுற்றிப் பலகை உதிர்ந்துகொண்டிருந்தால், முளை வைப்பதற்கு முன் நீர்போல் ஓடும் சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊற வையுங்கள். உதிர்ந்த சில்லுகள் கெட்டியாகும். சன்னலைத் திறந்துவைத்துவிட்டுச் செய்யுங்கள், ஆவி கண்ணை எரிக்கும்.

கிண்ணம் உட்காரும் பெரிய குழியே உடைந்திருந்தால் இரண்டு வழி. கீலைத் தாங்கும் பழுதுத் தகடுகள் ஷோப்பியிலும் லஸாடாவிலும் கிடைக்கின்றன. துருப்பிடிக்காத எஃகாக வாங்கி, உடைந்த இடத்தை மூடி, நல்ல பலகை இருக்கும் இடத்தில் ஸ்க்ரூ போட்டால் முடிந்தது. அழகாக இருக்காது, ஆனால் கதவை மூடினால் யாருக்குத் தெரியப்போகிறது?

இரண்டாவது வழி, கீலை வேறு இடத்துக்கு மாற்றுவது. எனக்குப் பிடித்தது இதுதான். பக்கப்பலகையின் உள்ளே வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் 5 மி.மீ. துளை, ஒன்றுக்கொன்று 32 மி.மீ. இடைவெளி. ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் வழக்கம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஜொகூரின் மூவாரில் செய்யும் அலமாரியிலும் இதே அளவைப் பார்க்கலாம். ஆகவே தகட்டை இரண்டு துளை தள்ளிப் போட்டால் கீல் 64 மி.மீ. நகரும். கதவிலும் அதே 64 மி.மீ. தள்ளி, 35 மி.மீ. குழி வெட்டும் முனையால் புதுக்குழி போடுங்கள். கதவின் ஓரத்திலிருந்து பழைய குழியின் மையம் எவ்வளவு தூரமோ, புதியதும் அதே தூரம். ஆழம் 12 முதல் 13 மி.மீ.; அதற்குமேல் போனால் 16 மி.மீ. கதவின் முகப்பு வெடித்துவிடும்.

கேம் பூட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது

பலகைக்குள் புதைந்திருக்கும் வட்ட உலோகம்தான் கேம். அது எதிர்ப் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டின் தலையைப் பற்றி இழுக்க வேண்டும். பிடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் கேம் அல்ல, போல்ட். போல்ட்டின் தோள் பலகையைத் தொடும்வரை திருகியிருக்க வேண்டும். பாதியில் நின்றாலும் தலை எட்டாது, அளவுக்கு மீறி உள்ளே போனாலும் எட்டாது. அப்புறம் கேமின் அம்புக்குறி, போல்ட் நுழையும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அங்கிருந்து வலப்புறமாக அரைச் சுற்று போதும். முழுச் சுற்று சுற்றினால் மறுபடி விட்டுவிடும்.

போல்ட் பலகையிலேயே ஆடினால் மேலே சொன்ன மரமுளை வைத்தியம்தான். கேம் உடைந்திருந்தால் புதிதாக வாங்க மூன்று அளவு வேண்டும்: கேமின் விட்டம் (பெரும்பாலும் 15 மி.மீ.), அதன் உயரம், போல்ட்டின் தோளிலிருந்து தலை வரை நீளம். மூன்றாவதை யாரும் அளப்பதில்லை. 34 மி.மீ. வேண்டிய இடத்தில் 24 மி.மீ. வாங்கிவந்து, கேம் மோசம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

வீடு மாறும்போது இந்தப் பூட்டுகளைக் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருமுறை தாங்கும், அதற்குமேல் பல அலமாரிகள் தாங்குவதில்லை. மறுபடி பூட்டும்போது மரமுளைகளுக்குப் பசை விட்டுவிடுங்கள். மறுபடி கழற்ற முடியாது என்பது உண்மைதான், ஆனால் நிற்கும்.

அலமாரி முழுவதும் ஆடுகிறது

முன்னால் நின்று பார்ப்பதை விட்டுவிட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள். 3 மி.மீ. தடிமனில் ஒரு மெல்லிய பலகை ஆணியடித்திருக்கும். தூசியை மறைக்க வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அலமாரியைச் சாயாமல் நேராக நிறுத்திவைத்திருப்பதே அதுதான். அது பிரிந்திருந்தால் எத்தனை கேமை இறுக்கினாலும் ஆட்டம் நிற்காது.

அலமாரியை முகம் குப்புறக் கிடத்தி, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். இரண்டும் ஒன்றாகும்வரை தள்ளிச் சரிசெய்து, பின்பலகையைப் பசை விட்டு ஒரு சாண் இடைவெளியில் சிறு ஸ்க்ரூக்கள் போட்டு அடையுங்கள். பின்பலகை ஈரத்தில் நெளிந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு 6 மி.மீ. பிளைவுட் வாங்கி அடியுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் மலிவான அலமாரி வேறு அலமாரியாகிவிடும்.

ட்ராயர் அடுக்கு முன்பக்கம் சாய்கிறது என்றால் அது வேறு விஷயம், உடனே பார்க்க வேண்டியதும்கூட. பிள்ளைகள் ட்ராயர்களை இழுத்து ஏறினால் முழு அடுக்கும் மேலே விழும். 2016-இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 29 மில்லியன் ட்ராயர் அடுக்குகளை இந்தக் காரணத்துக்காகத் திரும்ப அழைத்தது. சுவரில் பட்டை வைத்துக் கட்டுங்கள். கான்கிரீட், செங்கல் சுவரென்றால் பிளக் அடித்து ஸ்க்ரூ போடலாம். தட்டினால் வெற்றொலி கேட்கும் ஜிப்சம் தடுப்பாக இருந்தால் அதற்கென்று தனி பிளக் உண்டு, அதையே கேட்டு வாங்குங்கள். வாடகை வீடு என்று தயங்க வேண்டாம். ஒரு துளையை அடைக்கக் கொஞ்சம் பட்டி போதும்.

ட்ராயர் இறுகுகிறது, அடிப்பலகை விழுகிறது

அடிப்பலகை விழுந்தால், ட்ராயரைக் கவிழ்த்து, பலகையைப் பள்ளத்தில் திரும்பச் செருகி, ஓரம் நெடுக மரப்பசை விட்டு, உள்மூலைகளில் சிறு மரக்கட்டைகளை ஒட்டுங்கள். சட்டி பானை வைக்கிற ட்ராயர் என்றால் பழையதை நம்பாதீர்கள். பழைய பலகையின் அடியிலேயே 6 மி.மீ. பிளைவுட்டை வைத்து நான்கு பக்கமும் ஸ்க்ரூ போடுங்கள். கீழே இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளம் போயிருந்தால் ஜோடியாகவே மாற்ற வேண்டும். வெள்ளை வர்ணம் பூசிய, சிறு உருளை வைத்த ரகத்தில் நான்கு துண்டு இருக்கும். அவற்றில் சி.எல்., சி.ஆர்., டி.எல்., டி.ஆர். என்று பொறித்திருப்பார்கள். சி என்று தொடங்குவது அலமாரிக்கு, டி என்று தொடங்குவது ட்ராயருக்கு. எல் இடம், ஆர் வலம். மாற்றிப் போட்டால்தான் ட்ராயர் பாதியில் நிற்கும். குண்டுமணி (பால் பேரிங்) ஓடும் ரகத்துக்கு ட்ராயரின் இருபுறமும் அரை அங்குல இடைவெளி வேண்டும். உருளை ரகத்தை எடுத்துவிட்டு அதைப் போட நினைத்தால், முதலில் இந்த இடைவெளியை அளந்துவிடுங்கள்.

தட்டு நடுவில் தொய்கிறது

திருப்பிப் போடுங்கள். அதற்கே சில மாதம் ஓடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் நடுவில் ஒரு தாங்கு பலகை வையுங்கள். தாங்காமல் நிற்கும் நீளம் பாதியானால் வளைவு ஏறக்குறைய 16-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தடிமனைக் கூட்டுவதில் இவ்வளவு லாபம் இல்லை: 16 மி.மீ. பலகைக்குப் பதில் 18 மி.மீ. போட்டால் விறைப்பு ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. தாங்கு பலகை கீழ்த்தட்டில் நின்றால் அந்தத் தட்டுக்கும் அதே இடத்தில் தாங்கு வேண்டும், தரைவரை. 10 கிலோ அரிசி மூட்டைகளை மேல்தட்டில் அடுக்குகிற வீடுகளுக்கு என் யோசனை ஒன்றுதான்: கீழே இறக்குங்கள்.

அடிப்பகுதி உப்பிவிட்டது

கோலாலம்பூரில் இந்தத் தளவாடங்களைக் கொல்வது பாரமல்ல, தண்ணீர். காற்றின் ஈரம் மெதுவாகத் தின்னும். உண்மையான சேதம் மாப்பும் வாளியும் செய்வது. தீபாவளிக்கு முந்தின வாரம் வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். அலமாரியின் அடிவிளிம்பில் மெலமைனும் கிடையாது, பட்டையும் கிடையாது. அங்கே தேங்குகிற தண்ணீரை அது தேநீரில் தோய்த்த பிஸ்கட்டைப் போல இழுத்துக்கொள்ளும்.

உப்பிய சிப்போர்டு காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அழுத்தி வைத்திருந்த சில்லுகள் விரிந்துவிட்டன, இடையிலிருந்த பசையும் விட்டுவிட்டது. கிளாம்ப் போட்டு இறுக்கினால் தட்டையாகத் தெரியும், பலம் வராது. ஆகவே அதைச் சரிசெய்ய நேரத்தை வீணாக்க வேண்டாம். வெட்டி எடுப்பதா, மாற்றுவதா என்பதே கேள்வி.

அதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். சிங்க் அடியில் இருந்தால், வளைகுழாயின் ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த டிஷ்யூவால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். எந்த டிஷ்யூ நனைகிறதோ அங்கே ரப்பர் வளையம் போய்விட்டது. கசிவை நிறுத்தாமல் பலகை மாற்றுவது வீண் செலவு. நிறுத்தியபின் கதவுகளைத் திறந்து, மின்விசிறி வைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

பக்கப்பலகைகளின் அடியில் ஓர் அங்குலம் மட்டும் உப்பியிருந்தால், அலமாரியைக் கிடத்தி நான்கு பக்கமும் ஒரே உயரத்துக்கு அந்தப் பகுதியை அறுத்துவிடுங்கள். அறுத்த முகத்தில் பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு மூன்று பூச்சு. அடியில் திருகி உயர்த்தும் பிளாஸ்டிக் கால்களைப் போடுங்கள். இனி மாப்புத் தண்ணீர் பலகையைத் தொடாது. புது அலமாரி வாங்கும்போதே இந்தக் கால்களைப் போட்டுவிடுவது இன்னும் புத்திசாலித்தனம்.

அடித்தட்டு முழுவதும் போயிருந்தால், அது உதிர்வதற்குள் கழற்றி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். பலகைக் கடைகளில் 8 அடிக்கு 4 அடி பிளைவுட்டைக் கேட்ட அளவுக்கு அறுத்துத் தருவார்கள். பழைய பலகை 16 மி.மீ., புதியது 18 மி.மீ. என்றால் கேம் துளைகள் பொருந்தாது. பொருத்தப் பாடுபடாதீர்கள். உள்மூலைகளில் எல் வடிவ இரும்புக் கோணங்களை வைத்து ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். பிளைவுட்டின் நான்கு ஓரங்களையும் வார்னிஷால் மூடிய பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். மூலைகளுக்கு சிலிக்கான் ஒரு கோடு.

சிப்போர்டையே வாங்குவதானால் உள்ளே பச்சை நிறம் தெரியும் ரகத்தைக் காட்டுவார்கள். ஈரம் தாங்கும் வகையை அடையாளம் காட்டவே பச்சைச் சாயம் சேர்க்கிறார்கள். சாயம் மட்டும் எதையும் தாங்காது. ஈரம் தாங்கும் என்றால் தண்ணீரில் நிற்கும் என்றும் அர்த்தமில்லை. சிங்க் அடிக்கு நான் பிளைவுட்தான் சொல்வேன்.

ஓரப்பட்டை உரிகிறது

உள்ளே பழைய பசை மிச்சமிருந்தால், மேலே பேக்கிங் தாள் (கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் தாள்) வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டி, துணிச்சுருளால் அழுத்திப் பிடியுங்கள். பசை காய்ந்து பொடியாகியிருந்தால் மஞ்சள் காண்டாக்ட் பசை: இரண்டு முகத்திலும் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு ஒரே தடவையில் ஒட்ட வேண்டும். அதன் ஆவி தீப்பிடிக்கும். வீட்டில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள்.

சாமி விளக்கு என்றதும் ஒன்று. இப்போது பல கொண்டோக்களில் இப்படி வாங்கிய சிறு அலமாரிதான் பூசை மேடை. விளக்கின் சூடு நேரே மேல்தட்டில் பட்டால் பட்டை முதலில் விடும், பிறகு மெலமைன் பழுப்பாகும். எண்ணெய் ஊறிய இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. விளக்குக்கு அடியில் தரை டைல் ஒன்றை வைத்து, அதன்மேல் தாம்பாளம் வையுங்கள். மேலே தட்டு இருந்தால் அந்த இடத்தில் விளக்கே வேண்டாம்.

பொடி, மண், பூஞ்சை

மேசைக்காலின் அடியில் மாவு போன்ற பொடியும், காலில் குண்டூசி அளவுத் துளைகளும் தெரிந்தால் மர வண்டு. நம் ஊர் மேசைக்கால்கள் பெரும்பாலும் ரப்பர் மரம். நம் பாட்டிமார் பால் வெட்டிய அதே மரம்தான், பால் ஓய்ந்தபின் தளவாடமாகிறது. அதில் மாவுச்சத்து அதிகம், அதனால் வண்டுக்குப் பிடிக்கும். சரியாக மருந்தேற்றிய மரத்தில் வராது. வந்துவிட்டால் அந்தக் காலை மட்டும் கழற்றி மாற்றுங்கள்.

மண் கோடு தெரிந்தால் கரையான். அலமாரியை மாற்றிப் பயனில்லை, அது சுவரிலிருந்து வருகிறது. பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள். பின்பக்கம் பூஞ்சை என்றால் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், போதும்.

பெட்டியைத் திறந்தால் பாகம் உடைந்திருக்கிறது, அல்லது காணோம்

எதையும் பூட்டாதீர்கள். பெட்டி, லேபிள், உடைந்த பாகம் மூன்றையும் படமெடுங்கள். ஐக்கியா பொருளானால் வழிமுறைத் தாளில் ஒவ்வோர் ஆணிக்கும் பூட்டுக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் 6 இலக்கம். அதைச் சொன்னால் பேச்சு வளராது. இணையத்தில் வாங்கிய பெயர் தெரியாத அலமாரியானால், தாளில் பாகத்துக்கு இட்டிருக்கும் எழுத்தைச் சொல்லி, படத்தோடு அனுப்புங்கள். ‘இடது பக்கப் பலகை’ என்று எழுதினால் வலது பலகைதான் வரும்.

விற்றவர் மழுப்பினால் மலேசியாவில் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஏற்கும், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும் உரையாடல் படங்களும் பத்திரமாக இருக்கட்டும்.

எதுவும் தேறாது என்றால்

இரண்டு பக்கப்பலகையும் உப்பிவிட்டதென்றால் விட்டுவிடலாம். தூக்கிப் போடுவதற்கு முன் கீல், தண்டவாளம், கைப்பிடி, கேம், நல்ல தட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போடுங்கள். பின்பலகையைப் பிரித்தால் மற்றவை தானாகக் கழன்று தட்டையாகிவிடும், லிஃப்டில் கொண்டுபோகலாம். கொண்டோவில் இருப்பவர்கள் பெரிய பொருள்களை எங்கே, என்று வைக்கலாம் என்று நிர்வாக அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். படிக்கட்டில் மட்டும் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் எல்லாரும் இறங்கி ஓட வேண்டிய வழி அது.